வெள்ளை கட்டாத கடை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மண் தோண்டும் அலவாங்கு பிடித்துப் பழகிய கை இது. பேனை பிடித்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பொறுத்துப் படியுங்கள். படித்து முடித்த பிறகு என்னைப் பொறுக்கவேண்டியதில்லை.

பந்தல் ஒழுகியது. ஒழுகவில்லை என்று நான் சொன்னேன்.

நான் செய்தது இதுதான். கேட்க எவ்வளவு சிறியது! இதற்காகவா ஒருவன் இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கல்லை வைத்துக்கொண்டு திரிவான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன்... நினைத்து நினைத்து அதைச் சிறிதாக்கப் பார்த்தேன். அது சிறிதாகவில்லை.

நீங்கள் எப்போதாவது ஒரு பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள். யாழ்ப்பாணத்து முற்றவெளியில் வரிசை வரிசையாகக் கடைகள் நின்றிருக்கும். சுருட்டு, பாய், நெசவுச் சேலை, வெண்கலப் பாத்திரம் என்று பார்த்துக்கொண்டு போயிருப்பீர்கள். அந்தக் கடைகள் எப்படி வந்தன என்று யோசித்திருக்கமாட்டீர்கள். யாருமே யோசிப்பதில்லை. என் வேலை அதுதான். ஒப்பந்த வேலை எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரரிடம் பந்தல் மேற்பார்வை பார்த்தேன்.

சாமான் வருவதற்கு முன்பே நாங்கள் முற்றவெளிக்குப் போய்விடவேண்டும். கயிறு பிடித்து வரிசை குறிக்கவேண்டும். கிடங்கு தோண்டிக் கம்பு நட்டு, பனஞ்சிலாகைச் சட்டம் கட்டி, தென்னோலைக் கிடுகால் கூரை வேயவேண்டும். பிறகு றெயிலில் வருகிற பெட்டிகளை வண்டிலில் ஏற்றி வரவேண்டும். எந்தப் பெட்டி எந்தக் கடைக்கு, எதைக் கவிழ்க்கக்கூடாது, எதை ஈரத்தில் வைக்கக்கூடாது... பெட்டியை உடைத்தால் அதன் பலகையை எறியக்கூடாது, திரும்பிப் போகும்போதும் அதே பெட்டியில்தான் போகவேண்டும். வாங்கு, மேசை, பெயர்ப் பலகை, லாம்பு, குடிதண்ணீர், காவல்... எல்லாம் எங்கள் தலையில். காட்சி முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் கம்பு பிடுங்கிய கிடங்குகளை மூடிக்கொண்டு நிற்பவர்களும் நாங்கள்தான்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதில் கதைக்கவேண்டியதில்லை. நான் பிறவிக் கூச்சக்காரன். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்தவர்கள் கேள்வி கேட்டால் காதுவரை சுடும். கடைக்குப் பின்னால் நிற்கிற வேலை என்பதால் அதிலே மறைந்திருந்தேன்.

இனி வேலனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வேலன் எங்கள் தென்மராட்சி ஊரவர். சீவல் தொழில். பனையில் ஏறிக் கருப்பணி என்கிற பதநீர் இறக்குவார், அவர் மனைவி சின்னாச்சி அதைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவார். இப்போது நான் ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவரை ‘நீ’ என்றேன், ‘வாடா’ என்றேன். அவர் என்னை ‘நயினார்’ என்றார். என்னைவிட மூத்தவர் அவர்! எங்கள் ஆட்கள் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஆனால் அவர் வீட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிப்போம். இதில் ஒரு பிசகும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அவர் ஏறிய மரங்கள் ஊரில் பெரிய காணிக்காரர் ஒருவருடையவை. கட்டியில் பெரும்பங்கு அவருக்கே போகும். மிச்சத்தையும் அவரிடம்தான் விற்கவேண்டும். அந்த வருடம் பொருட்காட்சிக்குக் கொழும்புப் புறக்கோட்டை வியாபாரி ஒருவர் வருகிறார், கொழும்புக்குப் பனங்கட்டி அனுப்ப ஒரு நல்ல கையைத் தேடுகிறார் என்று கதை அடிபட்டது. அந்தக் கை தன்னுடைய கையாக இருக்கவேண்டும் என்று வேலன் ஆசைப்பட்டார். கொழும்பாரின் ஓடர் கிடைத்தால் தானே ஒரு பனங்காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம். யாருக்கும் பங்கு கொடுக்காமல், யாருடைய வாசற்படலையிலும் போய் நிற்காமல் பிழைக்கலாம்.

பொருட்காட்சிச் சபையின் காரியதரிசி, நீதிமன்றத்தில் வழக்காடுகிற இளம் பிறக்கிராசி ஒருவர். படித்த, நல்ல மனிதர். வேலனுக்கு ஒரு கடை கொடுத்தவர் அவர்தான். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி ஒரு ஒழுங்கும் சொன்னார்.

“எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்க வேணும். ஆரின்ரை கடை எண்டு பாக்கப்படாது. விளங்கினதோ தம்பையா?”

நான் தலையை ஆட்டினேன். விளங்கியது... நன்றாகவே விளங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான் எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்பக்கூடாது.

சாமான் கொண்டுவந்த நாளை மறக்கமுடியவில்லை. மற்றவர்களின் பெட்டிகள் வண்டிலில் வந்தன. வேலனும் சின்னாச்சியும் கடகங்களில் சுமந்துகொண்டு வந்தார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பனங்கட்டிக் குட்டான்களை அடுக்கியிருந்தார்கள். ஓலையில் இழைத்த அந்தச் சின்னக் குட்டான்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே வாய். ஒரு தட்டில் பனங்கற்கண்டு வேறு. நல்ல தேன் நிறத்தில், வெயில் பட்டால் உள்ளே வெளிச்சம் ஓடும்.

என்னைக் கண்டதும் வேலன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“நயினார், எங்கை வைக்கிறது?”

“உதிலை, கடைசிக் கடை.”

கடைசிக் கடை. அதுவும் நான் ஒதுக்கியதுதான்.

“நல்ல இடந்தான்,” என்றார் சின்னாச்சி. “கடைசியாப் பாக்கிற சாமான்தான் மனசிலை நிக்கும்.”

“வாயை மூடடி,” என்று வேலன் சிரித்தார். “இவள் நேத்து முழுக்க அடுப்படியிலை கொழும்பு வியாபாரியோடை கதைச்சுக்கொண்டு நிண்டவள், நயினார். ‘ஐயா, விலையைக் கொஞ்சம் கூட்டுங்கோ’ எண்டு பானைக்குச் சொல்லுறாள்!”

நானும் சிரித்தேன். குட்டான்களின் மூடிகளைத் திறந்துவைக்கச் சொன்னேன். “பாக்கிற ஆக்களுக்கு உள்ளுக்குக் கிடக்கிறது தெரிய வேணும், மணம் வர வேணும்,” என்றேன். என் வேலையில் எனக்குத் தெரிந்த நல்ல யோசனை அது. அந்த யோசனையே பிறகு அவர் தலையில் விழுந்தது.

சின்னாச்சி மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வேலன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“வெள்ளை எப்ப கட்டுவினம், நயினார்?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் பந்தலின் உட்கூரைக்கு வெள்ளைத் துணி கட்டுவோம். ஊருக்கு உடுப்பு வெளுக்கிற கட்டாடியார் வந்து கட்டுவார். ஆனால் எல்லார் வீட்டுக்கும் கட்டுவதில்லை. யார் வீட்டில் வெள்ளை கட்டலாம், யார் வீட்டில் கூடாது என்று ஊர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. வேலனின் ஆட்களுக்குக் கூடாது.

பொருட்காட்சியில் அந்த வெள்ளைக்கு வேறு வேலை. புதுக் கிடுகு தும்பு கொட்டும். முதல் மழைக்குக் கட்டாயம் ஒழுகும். ஓலை ஊறி ஒன்றோடொன்று படிந்த பிறகுதான் ஒழுக்கு நிற்கும். ஒழுகுகிற தண்ணீரும் சும்மா தண்ணீர் அல்ல; ஊறப்போட்ட மட்டையின் சாயம் இறங்கி, மண்ணிறமாக வரும். அடியில் வெள்ளையை இழுத்துச் சாய்த்துக் கட்டினால் அது தும்பையும் ஏந்தும், தண்ணீரையும் பின்பக்கமாக வடித்துவிடும். இது அழகுக்குக் கட்டுவதல்ல. சாமானைக் காப்பாற்றக் கட்டுவது. அந்த வெளியில் இதை என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது!

எல்லாக் கடைக்கும் போதுமான வெள்ளை பெட்டியில் இருந்தது. கட்டாடியார் முதற்கடையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்திய கடை முடிந்தது. ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

“காணும், இறங்கு,” என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. காணிக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. கொந்தராத்துக்காரர் ஊரில் இல்லை. காரியதரிசியின் ஒழுங்கு காதில் இருந்தது. என்னைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை... ஒருவர்கூட இல்லை! நானாகவே, ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து, ஊர் வாய் திறக்க முன்பே ஊருக்காக வாய் திறந்தேன். ‘வேலனுக்கு வெள்ளை கட்டினவன் இவன்’ என்று என்னைச் சுட்டிக் கதைப்பார்களே, நாலு பேர் நடுவில் நான் நின்று பதில் சொல்லவேண்டுமே என்ற பயம். அந்தப் பயம் மட்டுந்தானா? அதற்கடியில் வேறொன்றும் கிடந்ததா? அவருடைய கடையும் எங்கள் ஆட்களின் கடையும் ஒரே மாதிரி நிற்பது என் கண்ணுக்கும் பொறுக்கவில்லையா? இதைத்தான் நான் இத்தனை வருடமாக என்னிடம் கேட்கிறேன். கேட்டால் உள்ளே இருக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வேலனிடம் போய், “வெள்ளை முடிஞ்சுது. உன்ரை கடை மூலையிலை கிடக்கு, காத்துப் படாது, தும்பு விழாது,” என்றேன்.

அவர் துணிப்பெட்டி கிடந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். “சரி, நயினார்,” என்றார்.

அன்றைய ஒழுங்கு, சாமானை அடுக்கியபின் கடைக்காரர்கள் வெளியே போய்விடவேண்டும். விடிந்து திறப்புவிழாவுக்குத்தான் வரலாம். அதுவரை எல்லாச் சாமானும் எங்கள் காவலில். வேலனும் சின்னாச்சியும் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் போல.

லாம்பு கொளுத்துகிற நேரம் மழை வந்தது. சித்திரையில் வருகிற திடீர் மழை. கடற்பக்கம் இருண்டதும் காற்று அடித்தது, பிறகு கொட்டியது. நாங்கள் வேலைக்காரர் எல்லாரும் சுருட்டுக் கடைக்குள் ஒதுங்கினோம். தலைக்குமேல் வெள்ளை நனைந்து, தண்ணீர் பின்னால் வடிந்தது. ஒரு சுருட்டிலும் துளி படவில்லை.

என் மனம் கடைசிக் கடையில் நின்றது. ஒரு சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். என்னோடு வேலை செய்த இராசன், வாயாடி, என் ஊரவன், அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

“டேய் தம்பையா, எங்கையடா ஓடுறாய்? சின்னாச்சிக்குக் குடை பிடிக்கப் போறியோ?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“உவர் உப்பிடித்தான். வாய் திறக்காத ஆக்களை நம்பப்படாது காணும்,” என்று இன்னொருவன் சொன்னான். மறுபடியும் சிரிப்பு.

என் காதுகள் சுட்டன. கையில் சாக்கு இருந்தது. அந்தச் சாக்கை விரித்துப் போட்டிருந்தால் போதும்... ஒரு சாக்கு! நான் என்ன செய்தேன்? திரும்பி வந்து, நனையவே நனையாத சுருட்டுப் பெட்டியின்மேல் அதைப் போட்டேன். அதற்காகத்தான் எடுத்தேன் என்பதுபோல.

மழை நின்ற பிறகும் நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? தெரியாதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று இருக்கலாம் அல்லவா? அப்படியும் ஒரு மனிதன் இருப்பான். உங்கள் முன்னால் இருக்கிறான்.

விடிந்ததும் வேலன் வந்தார். வெளுத்த வேட்டி. மனைவியை வாசலில் நிற்கவைத்துவிட்டு முதலில் தான் மட்டும் கடைக்குள் போனார்.

குட்டான்களுக்குள் மண்ணிறத் தண்ணீர் நின்றது. பனங்கட்டி இளகி, மேல் வழுவழுத்து, தும்பு ஒட்டிக் கிடந்தது. கற்கண்டுத் தட்டைப் பார்க்கவே முடியவில்லை. அவர் சால்வையை எடுத்தார், ஒவ்வொரு குட்டானாகக் கவிழ்த்து, சால்வை நுனியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தும்பு உள்ளே போனது. நான் நாலு கடை தள்ளி நின்று ஒரு கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன்.

வியாபாரி காரியதரிசியோடு வந்தார். தடித்த மனிதர், கலகலப்பாகக் கதைப்பவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் கடை வைத்தவர். ஒரு குட்டானைத் தூக்கி மூக்கருகே பிடித்தார்.

“மணம் நல்ல மணந்தான்... ஆனால் வேர்த்தெல்லோ கிடக்கு! பதம் தப்பிப் போச்சோ?”

“பதம் தப்பேல்லை, ஐயா,” என்றார் வேலன். “நேத்துக் கல்லு மாதிரி இருந்தது.”

“நேத்துக் கல்லு, இண்டைக்குப் பாணி. உதை நான் றெயிலிலை ஏத்தினால் கொழும்புக்கு வெறும் ஓலைதான் வந்து சேரும்!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் கூரையைப் பார்த்தார். கெட்டிக்காரர். பிறகு, கயிற்றோடு நின்ற என்னைப் பார்த்தார். “தம்பி, நீர்தானே பந்தல்காரன்? ராத்திரி மழை ஒழுகினதோ?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரியதரிசியும் பார்த்தார். வேலனும் பார்த்தார்.

ஓம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? மற்றக் கடை ஒன்றும் நனையவில்லையே, இது மட்டும் ஏன்? இங்கே ஏன் வெள்ளை கட்டவில்லை? எல்லாக் கடையும் ஒரே மாதிரி என்று நான் சொன்னேனே என்று காரியதரிசி கேட்பாரே? அந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது...

“இல்லை ஐயா. பந்தல் ஒழுகேல்லை.”

தடுமாறாமல் சொன்னேன்! நாலு பேருக்கு முன்னால் என் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத நான், அந்தப் பொய்யை மட்டும் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! பிறவிக் கூச்சக்காரன் என்று இந்தக் கடுதாசியில் எழுதியிருக்கிறேன். கூச்சக்காரனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

வேலன் என்னைப் பார்த்தபடியே நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்தார்.

“பதந்தான் தப்பிப்போச்சுது போலை, ஐயா,” என்றார்.

வியாபாரி அவர் தோளைத் தட்டாமல் காற்றைத் தட்டிவிட்டு, “அடுத்த முறை பாப்பம்,” என்று நடந்தார். திரும்பும் வழியில் இருந்த கடை ஒன்றில், பெட்டியில் அடைத்த பனங்கட்டி நனையாமல் இருந்தது. அது அந்தக் காணிக்காரர் வைத்தது. அதைக் காய்ச்சியவர்களும் அவருடைய மரம் ஏறுகிறவர்கள்தான். ஓடர் அவருக்குப் போனது.

காட்சி முடிந்து பந்தல் பிரிக்கும்போது கட்டாடியார் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். அடியில் ஒரு துணி கிடந்தது. மடிப்புக் குலையாதது.

“இது ஒண்டு கட்டுப்படேல்லை, நயினார்.”

எனக்குச் சுருக்கென்றது. கோபப்படுவதுபோல, “உனக்குத் தெரியாதோ? வேலன்ரை கடைக்கு நீ கட்டமாட்டாய் எண்டுதானே விட்டனான்,” என்றேன்.

அவர் மடிப்பதை நிறுத்தினார். வயதானவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“கட்டமாட்டன் எண்டு நான் எப்ப சொன்னனான்? ஊர்ச் சடங்கு வேறை, சபைப் பந்தல் வேறை. உங்கடை வாயிலை ஒரு சொல்லுக்காக ஏணியிலை நிண்டனான். பயம் இருந்ததுதான்... ஆனால் கட்டியிருப்பன்.” பிறகு பெட்டியை மூடினார். “என்னைக் கேளாமலே என்னைச் சாட்டிப்போட்டியள், நயினார்.”

அதுவரைக்கும் மனதுக்குள் கட்டாடியார்மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேன். அன்றோடு அதுவும் போயிற்று. பழி போட வேறு ஆள் இல்லை.

ஊரில் நடந்ததை மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். மரம் கேட்டு வேலன் காணிக்காரரின் படலையில் போய் நின்றாராம். கடைக்குமேல் தன் பெயரை எழுதிவைத்த மனுசன் என்ற கோபம் அவருக்கு.

“பலகையிலை பேர் போட்டனியெல்லோ? அந்தப் பலகையிலை ஏறிச் சீவு, போ!” என்றாராம்.

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் இருந்த இடத்திலும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழும்பிப் போகவுமில்லை. அந்தப் பலகையை எழுதுவித்து, ஆணி அடித்து மாட்டியவன் நான். பதம் தப்பினவன் என்று பெயர் வாங்கியவருக்கு வேறு எவரும் மரம் கொடுக்கவில்லை. பதம் தப்பவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் ஊரில் நான்தான்... அப்படித்தான் அன்று நினைத்திருந்தேன்.

வேலனும் சின்னாச்சியும் வன்னிக்குக் காடு வெட்டப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக் கூரையை மாடு இழுத்துத் தின்றது. அந்த ஒழுங்கை வழியாகப் போவதை நான் விட்டேன்.

வருடங்கள் போயின. பொருட்காட்சிகள் வந்தன, போயின. நான் கட்டிய கடைகளில் பெரிய பெரிய வியாபாரம் நடந்தது. பிறகு ஒருமுறை தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடப் போயிருந்தேன். ஆற்றங்கரை வெயிலில் ஒரு பெண் சாக்கை விரித்து ஓலைப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். வெறுங் கழுத்து. நான் குனிந்து ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். அந்த வாய், அந்த இழை... நிமிரப் பயமாக இருந்தது.

“தம்பையா நயினாரோ? கொட்டில் போட வந்தனீங்களோ?”

“ஓம்.”

“நல்லாப் போடுங்கோ. ஒழுகாமல் போடுங்கோ.”

குத்திக்காட்டினாரா, சாதாரணமாகச் சொன்னாரா... முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “வேலன்?” என்று மட்டும் கேட்டேன்.

“வன்னிக் காய்ச்சல்,” என்றார்.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது. வாய் திறந்தேன். அதற்குள் அவரே கதைத்தார்.

“பெட்டிக்குள்ளை வெள்ளை கிடந்ததை அவர் கண்டவர், நயினார். கடகம் இறக்கி வைக்கேக்கையே கண்டவர். பந்தல் ஒழுகினதும் தெரியும். தெரியாதோ? காலமை சால்வையாலை ஒற்றினவர் அவரெல்லோ?”

“அப்ப... ஏன் அவர் அண்டைக்குச் சொல்லேல்லை?” அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. ‘அவர்’ என்றேன். வாழ்க்கையில் முதல்தரம். கேட்க அவர் இல்லை.

“நானும் கேட்டனான். சண்டை பிடிச்சனான்.” சின்னாச்சி ஒரு ஈயை விரட்டினார். “‘அது பாவமடி, நாலு ஆக்களுக்கு முன்னாலை கை நடுங்கி நிக்குது. நான் சொன்னால் அந்தப் பெடியின்ரை வேலை போயிடும். எங்களுக்கு மரம் கிடக்கு’ எண்டவர்.”

மரம் கிடக்கு!

நான் நடுங்கியதை அவர் பார்த்திருக்கிறார். என் குரல் தெளிவாக இருந்தது என்று எழுதினேன். கை நடுங்கியிருக்கிறது, எனக்கே தெரியாமல். அதைப் பார்த்து அவர் இரங்கியிருக்கிறார். அவருடைய கடைக்கு நான் ஒரு சாக்கைக்கூட விரிக்கவில்லை. அவர் எனக்காகத் தன் பெயரையே விரித்துப் போட்டிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அவர் காலில் விழுந்தேனா? அழுதேனா? அந்தப் பெட்டிக்கு விலை கேட்டேன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பந்தற்பக்கம் வந்துவிட்டேன். பின்னால் இராசன், “என்னடா, பெட்டி வாங்கிறாய், பெண் பாத்திட்டியோ?” என்று கேட்டான். நான் கம்பு நடக் குனிந்தேன்.

அடுத்த வருடத் திருவிழாவில் சின்னாச்சியைத் தேடினேன். அந்த இடத்தில் வேறு யாரோ கச்சான் கடலை விற்றார்கள். விசாரித்தேன். தெரியாது என்றார்கள். இனி யாரிடம் போய்ச் சொல்வது? காரியதரிசி கொழும்புக்கே போய்விட்டார். கட்டாடியார் செத்துவிட்டார். வியாபாரிக்கு அந்தக் குட்டான் நினைவிருக்காது. யாருக்கும் நினைவில்லாத ஒரு காரியத்தை நான் ஒருவன் மட்டும் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க ஓர் இடமில்லை. ஆகையால் உங்கள் முன்னால் வைத்தேன். இதனால் ஒன்றும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத எழுதக் குறையும் என்று நினைத்திருந்தேன்... இல்லை.

இப்போது ஜெர்மன்காரனோடு சண்டைக்காலம். பொருட்காட்சி ஒன்றும் நடப்பதில்லை. எனக்கும் வேலையில்லை. அந்த ஓலைப் பெட்டி என் தலைமாட்டில் இருக்கிறது. அதில் ஒன்றும் போட்டு வைத்ததில்லை. வெளியே மாரி தொடங்கிவிட்டது. இந்த வருடம் என் வீட்டுக் கூரையை நான் வேயவில்லை. கடுதாசியில் துளி விழுந்த இடங்களில் எழுத்துக் கரைந்திருக்கும், அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ராத்திரி மழை ஒழுகினதோ என்று அந்த வியாபாரி கேட்டார்.

ஓம் ஐயா. ஒழுகினது. வேலனுடைய பதம் தப்பவில்லை.

விஷு வருஷம், ஐப்பசி மாதம் ஐந்தாந் திகதி.